அகல்யா வாங்கிய சத்தியம்

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் எதிர்வீட்டு அகல்யாவுக்குக் கவலைப்படுவதுதான் முழுநேர வேலை. அரசு அலுவலகத்தில் கிளார்க் உத்தியோகம் அதற்கு அடுத்ததுதான். போன மார்ச்சில் கணவர் மதியழகனின் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்ததும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. அவளுடைய அப்பா குடித்தே கல்லீரல் கெட்டுச் செத்தவர். கல்லீரல் என்றால் குடிதான் என்று நின்றாள். அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பாள்.

மதியழகன் பத்து நாள் மறுத்தார். பதினோராம் நாள் குடிப்பதாக ஒத்துக்கொண்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று மலை மந்திர் முருகன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்தார். அவரைத் திருத்திவிட்டதாக அகல்யா எத்தனை முறை பெருமையடித்தாள்! நானும் தலையாட்டினேன், வெட்கக்கேடு.

அக்டோபரில் அவளுக்கே ஓயாத வயிற்றெரிச்சல். எண்டோஸ்கோபி செய்ததில் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியா தெரிந்தது. புற்றுநோயோ என்று பயந்தவளைத் தமிழ் பேசும் டாக்டர் ப்ரீதாவிடம் கூட்டிப்போனோம், மதியழகனும் நானும்.

"மாத்திரையில சரியாயிடும். வீட்ல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கும் இருக்கலாம்" என்ற டாக்டர், மதியழகனின் ஸ்கேனையும் வாங்கிப் பார்த்தார். "இந்தக் கிருமிக்கும் கல்லீரல் கொழுப்புக்கும் தொடர்பு இருக்கலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது. இன்னும் உறுதியாகல. எடை, சுகர்னு வேற காரணமும் இருக்கு. குடிக்காதவங்களுக்கே நிறைய வருது. சார், நீங்க குடிப்பீங்களா?"

மதியழகன் மனைவியைப் பார்த்தார். "இல்லீங்க. எப்பவுமே இல்ல."

"அப்ப என்கிட்டேர்ந்துதான் அவருக்கு வந்துதா டாக்டர்?" என்று கேட்டாள் அகல்யா.

"யாருகிட்டேர்ந்து யாருக்குன்னு சொல்ல முடியாதும்மா. முதல்ல அவருக்கு இருக்கான்னே தெரியாதே. டெஸ்ட் எடுத்துடலாம்."

லேப் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எனக்கே அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சாமி முன்னாடி பொய்ச் சத்தியமா பண்ணீங்க?"

"இனிமே தொடமாட்டேன்னுதானே சொன்னேன். அதுல என்ன பொய்?"

"ஏழு மாசமா குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டு... ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

"இல்லேன்னு சொன்ன பத்து நாளும் நீ தூங்கல, அகல்யா. ஆமான்னு சொன்ன அன்னைக்குத்தான் தூங்கின."

"மதியழகன் ஜி, ஆயியே" என்று இந்தியில் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். அகல்யா அவர் சட்டைக் கையை விடவில்லை.