பல்லும் வயிறும் நீங்கலாக

மிருக வைத்தியர் சின்ன டார்ச்சால் முயலின் வாய்க்குள் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பற்கள் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழிக்கின்றன என்றார். இரண்டு நாட்களாக அது புல்லைத் தொடாதது அதனால்தான். மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்த்து அனுப்பினார்கள். மருந்துக்கடையில் நான் பகுதிநேரமாக உழைத்த இரண்டு வாரச் சம்பளம் அந்தப் பிற்பகலோடு போனது. முயலின் பல் சாகும்வரை வளரும், இனி அடிக்கடி கொண்டு வரவேண்டும் என்றார். வசதிப்படாவிட்டால் பட்டினி கிடக்க விடாமல் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே பணம் வாங்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். நாய், பூனைக்கு மட்டுமல்ல, முயலுக்கும் இன்சூரன்ஸ் தரும் நிறுவனம் ஒன்று இருக்கிறதாம்.

அப்போது நாங்கள் கிரவீன் என்ற புறநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். பின்வளவுக் கூட்டில் கபில நிறத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு முயல்கள். பல் வளர்ந்தது கபிலத்துக்கு. நான் பிரசுரத்தை மேசையில் வைத்தபோது, சனிக்கிழமை தவறாமல் வரும் அடுத்த தெரு அங்கிள் அம்மாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“முயலுக்கு இன்சூரன்ஸோ?” என்றார். “அதுக்கு இங்க நிரந்தரமா இருக்க பிஆர் கிடைச்சிட்டுதோ, இல்லாட்டி இன்னும் தற்காலிக பிரிட்ஜிங் விசாவிலதான் நிக்குதோ?”

அம்மா சிரித்தார்.

“உங்கட காருக்கு இன்சூரன்ஸ் இருக்கெல்லோ, அங்கிள்?”

“ஓம், இருக்கு.”

“அதுக்கு நோகுமோ?”

“யூனிவர்சிட்டிக்குப் போனா வாய் நீளும் எண்டு தெரியும், பிள்ளை” என்று அவர் அம்மாவைப் பார்த்தார்.

இந்த அங்கிளுக்கு வீட்டுக்காரரிடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது அந்த நீண்ட வாயிடம்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத வராது. வீட்டுக்கு வந்த படிவங்களையெல்லாம் பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் நிரப்பினேன். முதலில் நிரப்பியது எங்கள் அகதி விண்ணப்பம். உதவிக்கு வந்திருந்தவர் என் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார்: ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதே, எழுதாமல் விட்டதைப் பிறகு கண்டுபிடித்தால் பொய்யர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பாவின் முழங்கால் தழும்பையும், அம்மாவுக்கு எந்த வருடம் மலேரியா வந்தது என்பதையும் எழுதினேன். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். படிவம் என்றால் அப்படித்தான் நிரப்ப வேண்டும் என்று என் கை பழகிவிட்டது.

இன்சூரன்ஸ் படிவத்தில், விலங்குக்கு முன்பு நோய் அறிகுறி ஏதும் இருந்ததா என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். பல், வசந்தகாலத்தில் இரண்டும் தும்மியது, வெள்ளைக்குக் கண்ணில் நீர் வடிந்தது, அம்மா அளவுக்கு மிஞ்சி முட்டைக்கோவா இலை போட்டதில் இரண்டுக்கும் வயிறு இளகியது, கம்பியில் மாட்டிக் கபிலத்தின் நகம் பிய்ந்தது. அடிமட்டம் வைத்துத் தலைப்புகளுக்குக் கோடும் இழுத்தேன். அந்தப் பக்கங்களைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

பதில் வந்தது. இரண்டு முயல்களையும் ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் பல், வயிறு, கண், மூக்கு, பாதம் சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் தரமாட்டார்களாம். நுளம்பு கடித்துப் பரப்பும் முயல் நோய்க்கு எந்த முயலுக்குமே இன்சூரன்ஸ் இல்லையாம். காட்டு முயல்களைக் கொல்லவென்று இந்த நாட்டில் வேண்டுமென்றே பரப்பிய நோய் அது. வீட்டு முயலுக்குத் தடுப்பூசி போடவும் இங்கே அனுமதி இல்லை. மாதக் கட்டணத்தில் மட்டும் ஒரு சதமும் குறையவில்லை.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“பல்லு இல்லை, வயிறு இல்லை, கண் இல்லை” என்று அம்மா விரல் மடித்தார். “மிச்சம் காதுதானே பிள்ளை. காதுக்கோ காசு கட்டப்போறாய்?”

நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தும்மலுக்காக மருத்துவரிடம் போகவே இல்லை, அது தானாக நின்றுவிட்டது என்றேன்.

“ஆனால் நீங்கள் கவனித்திருக்கிறீர்களே” என்றாள் மறுமுனையில் பேசிய பெண் ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக. “பெரும்பாலானவர்கள் இவ்வளவு எழுதுவதில்லை.”

கவனிக்காதவனின் முயலுக்கு முழுக் காப்புறுதி. தும்மலைக்கூடக் கவனித்தவளின் முயலுக்குக் காது மட்டும். இதைத்தான் நான் அவளிடம் கேட்டேன். புரிகிறது என்றாள். ஒன்றும் புரியவில்லை அவளுக்கு.

அடுத்த சனிக்கிழமை அங்கிள் வழி சொன்னார். “வேற கொம்பனிக்குப் போடு. இந்த முறை ‘நோ’ எண்டு மட்டும் எழுது. முயல் வந்து சாட்சி சொல்லுமோ?”

“மாட்டன், அங்கிள்.”

“ஏன், பாவமோ?”

பாவ புண்ணியம் பார்த்துச் சொல்லவில்லை. அப்பா தன் பெயரைத் தவிர வேறு எழுத்தறியாத கையால், நான் எழுதியதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர். வைத்தியச் செலவை மிச்சம் பிடிக்க அந்த எழுத்தில் பொய்யைக் கலக்க எனக்கு விருப்பமில்லை. அதை அங்கிளுக்கு விளக்கவும் விருப்பமில்லை.

வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். ஏன் வேண்டாம் என்பதற்கும் ஒரு பக்கம் எழுதினேன். மருந்துக்கடையில் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் கேட்டு வாங்கினேன்.

இரண்டு மாதத்தில் கபிலம் மறுபடியும் சாப்பாட்டை நிறுத்தியது. மருத்துவர் ஊசிப் பேச்சை எடுத்தார்.

“பல்லைத் தேயுங்கள். நான் வெளியே இருக்கிறேன்” என்றேன்.

மாலை அதைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். முதலில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பிறகு மெல்ல வந்து காய்ந்த புல்லை ஒவ்வொன்றாக இழுத்து மெல்லத் தொடங்கியது. நான் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தும்மலைக் கவனித்ததற்கு ஏன் தண்டனை என்று கேட்டு நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முதலாவதற்கு அவர்கள் இன்னும் பதில் போடவில்லை.