அப்பாவின் கைநாட்டு

இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி இரண்டு வருடம் ஆகியும் அப்பா என்னைத் தனியாகக் குன்னூருக்கு பஸ் ஏற விட்டதில்லை. அங்கே தேயிலைத் தோட்டம் முழுக்கத் தனியாகச் சுற்றியவள் நான். இங்கே பதினாறு வயதில் கைக்குழந்தை ஆகிவிட்டேன். குன்னூரில் டைப்ரைட்டிங் வகுப்பு இருந்தது. போகவேண்டும் என்று தினமும் அப்பாவின் உயிரை வாங்கினேன்.

கடைசியில் அவரே ஒரு வேலை கொடுத்தார். கொட்டகையில் இன்னொரு குடும்பத்தோடு ஒண்டியிருந்த நாங்கள் தோட்டத்தில் வீடு கேட்டு எழுதிய மனுவை, நான் தனியாகக் குன்னூர் போய்த் தோட்ட ஆபீசில் கொடுக்கவேண்டும்.

"இத ஒழுங்கா முடிச்சிட்டு வா புள்ள. அடுத்த மாசம் கிளாசுக்குப் போ" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் சோப்புப் போட்டுப் பெருவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற கை, கறை போகவில்லை. மையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மனுவில் அழுத்தினார். கப்பலில் வந்தபோது கிடைத்த, யாரையும் தொடவிடாத குடும்ப அட்டையைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தார்.

ஆபீசில் எனக்கு முன்னால் நின்றவர் பேனாவை எடுத்து ஸ்டைலாகக் கையெழுத்துப் போட்டார். கூட வந்திருந்த அவர் மகள் என்னோடு படிப்பவள். என் மனுவை எட்டிப் பார்த்தாள். எனக்கு மானமே போயிற்று. வேறு தாள் வாங்கி மனுவை மறுபடி எழுதி, அப்பா பெயரைச் சுழித்துச் சுழித்து நானே கையெழுத்தாகப் போட்டேன். பழையதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

குமாஸ்தா குடும்ப அட்டையைப் பிரித்துப் பார்த்தார். "ஏம்மா, கார்டுல கைநாட்டு இருக்குது. இதுல கையெழுத்து இருக்குது. யாரு போட்டது? போயி உங்கப்பாவக் கூட்டிட்டு வா."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், கிழித்ததைத் தவிர.

மறுநாள் அப்பா லீவு போட்டு என்னோடு வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், எனக்கு வாய் அதிகம். குமாஸ்தா முறைத்ததும், "புள்ள மேல தப்பில்லீங்க ஐயா, நாந்தான் போடச் சொன்னேன்" என்று எனக்காகப் பொய் சொன்னார். எல்லோரும் பார்க்க மறுபடி மனுவில் விரலை அழுத்தினார். துடைக்கத் தாவணி முனையை நீட்டினேன். அவர் தன் தலைமயிரிலேயே தேய்த்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் குடும்ப அட்டை அவர் மடியில் இருந்தது.

"இனிமே இப்படிச் செய்யமாட்டேன்ப்பா" என்றேன்.

"கையெழுத்து நல்லாத்தான் போட்டிருக்க புள்ள" என்றார், வெளியே பார்த்தபடி. கொஞ்சம் கழித்துக் கேட்டார். "நான் போட்டுக் குடுத்தத எங்க வச்ச?"

நான் அவர் மடியிலிருந்த அட்டையைப் பார்த்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பைப் பற்றி அதற்குப்பின் நானும் கேட்கவில்லை.