மந்தைக்காட்டின் மேல் நான் பூசிய பச்சை

லூர்தம்மாள் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே பழக்கடைச் சுவரில், பசை காயாத சுவரொட்டியில் அவர் படம் இருந்தது. பேரூராட்சி உறுப்பினர் ஆனபோது எடுத்த படம். ‘எங்கள் தெருவுக்கு வீடு தந்த தாயே’ என்று மேலே அச்சடித்திருந்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று கீழே இருந்தது. வாங்கிய வாழைப்பழத்தைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். துக்கத்தில் நின்றேன் என்று சொன்னால் பாதி பொய். கையும் களவுமாகப் பிடிபட்டவன் நிற்பதைப்போலத்தான் நின்றேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மந்தைக்காட்டுக்காரர்களுக்கும், வெங்காய மண்டிகளில் அவரோடு சாக்குத் தைத்த பெண்களுக்கும், கன்னிமார்பட்டிப் பேரூராட்சி மன்றத்தில் அவரோடு உட்கார்ந்தவர்களுக்கும். நீங்கள் எல்லோரும் என்னை அவருக்கு உதவிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அதிகாரி இல்லை. நகரமைப்புப் பிரிவில் வரைபடம் வரைந்தவன். உதவியவனும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு நில உபயோக வரைபடம் தயாரித்தோம். எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எது விவசாய நிலம் என்று வண்ணம் தீட்டிக் காட்டுகிற படம். வீடென்றால் மஞ்சள், விவசாயம் என்றால் பச்சை. கன்னிமார்பட்டி என் பங்குக்கு வந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நடந்து போய், கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். நானும் ஒழுங்காகத்தான் நடந்தேன். கடைசியில் ஊருக்குக் கிழக்கே மந்தைக்காடு மட்டும் மிச்சம் இருந்தது. அன்றைக்குத் திண்டுக்கல் பேகம்பூரில் உடன் வேலை பார்த்த நண்பரின் தங்கைக்குக் கல்யாணம். பந்திக்கு நேரமாகிவிட்டது. கிராம அலுவலரிடம் வாங்கிய அடங்கல் நகல் என் பையில் இருந்தது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று ஆண்டுதோறும் எழுதுகிற கணக்கு அது. மந்தைக்காட்டுப் புஞ்சைக்கு நேரே ‘சோளம்’ என்று எழுதியிருந்தது. கல்யாண மண்டபத்தில் பிரியாணிக்குக் காத்திருந்த நேரத்தில் அதைப் பார்த்து அப்படியே குறித்துக்கொண்டேன்.

கிராம அலுவலர் முந்தின வருடத்தைப் பார்த்து எழுதியிருந்தார். முந்தின வருடம், அதற்கு முந்தினதைப் பார்த்து எழுதியது. எங்கள் தொழிலில் இதை யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை, எல்லோரும் செய்வதுதான். அந்தச் ‘சோள’த்தில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் குடியிருந்தன. ஒரு பழைய பண்ணைக்காரர் தன்னிடம் வேலை செய்தவர்களுக்குப் பிரித்துப் பத்திரமும் எழுதிக் கொடுத்த இடம். மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக இருபது வருடம் இருந்த ஒரு தெருவின் மேல், அலுவலகத்துக்குத் திரும்பி வந்து நான் பச்சையைப் பூசினேன்.

பெண்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் லூர்தம்மாள் ஜெயித்தார். உறுப்பினரான பிறகும் மண்டிக்குப் போய்ச் சாக்குத் தைப்பதை அவர் விடவில்லை. முதல் வருடமே அவர் வார்டுக்குப் பன்னிரண்டு தொகுப்பு வீடுகள் வந்தன. அரசாங்கம் கட்டித் தருகிற கான்கிரீட் வீடுகள். அவர் மந்தைக்காட்டைக் காட்டினார். விவசாய நிலத்தில் வீடு கட்டினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று சொல்லி, பேரூராட்சியில் அவரை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் மேசைக்கு வந்து படத்தைக் காட்டச் சொன்னார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் படம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. தண்ணீர்த் தொட்டி, மாதா கோயில், ஓடை என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்து பச்சையில் நிறுத்தினார்.

“எங்க தெரு எங்க சார்?”

“இதுதாம்மா. சோளம்னு பதிவாகியிருக்கு.”

“சோளமா? அது எங்க ஆத்தா காலத்துல. நாங்க அம்புட்டுப் பேரும் அங்கதான இருக்கோம். யாரு சார் வந்து பாத்தது?”

படத்தின் கீழ் மூலையில் வரைந்தவர் என்று என் கையெழுத்து இருந்தது. அதன் மேல் அளவுகோலை நகர்த்தி வைத்தேன். மேலே இருந்து வந்த படம், யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். கள ஆய்வில் பிழை நேர்ந்துவிட்டது என்று வரைந்தவனே ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதினால், ஓர் அதிகாரி வந்து பார்த்து, சில மாதங்களில் படத்தைத் திருத்திவிடுவார்கள். செலவு கிடையாது. சரியாக வரைந்த படத்தை மாற்றச் சொல்வது வேறு வழி. அதற்கு மன்றத் தீர்மானம், இரண்டு நாளிதழ்களில் விளம்பரம், ஆட்சேபணைக் காலம், கட்டணம், சென்னைக்குக் கோப்பு என்று வருடக்கணக்கில் போகும். முதல் வழியில் போக வேண்டுமென்றால் ‘நான் மந்தைக்காட்டுக்குப் போகவில்லை’ என்று நான் எழுதித் தர வேண்டும். மெமோ வரும், பதவி உயர்வு நிற்கும். நான் அவருக்கு இரண்டாவது வழியைக் காட்டினேன்.

அந்த மார்ச் மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்பதால், பன்னிரண்டு வீடுகளும் வேறு வார்டுக்குப் போயின. அடுத்த வருடமும் அப்படியே. அதைப் பற்றி அவர் ஒருமுறை சொன்னார்: “வந்த பணம் திரும்பிப் போக வழி இருக்கு சார். எங்களுக்குத்தான் அங்கிட்டும் போக முடியல, இங்கிட்டும் போக முடியல.” இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குற்ற உணர்ச்சி ஒரு விசித்திரமான சுறுசுறுப்பைக் கொடுக்கும். அவருடைய மனுக்களை எல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று விசாரித்துச் சொன்னேன். அவர் மண்டியில், தெருவில், கோயிலில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். மாதா திருவிழாவுக்கு அழைத்துப் போய், ஊர் கூடியிருந்த இடத்தில் எனக்குத் துண்டு போட வைத்தார். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அடக்கமான மனிதர் என்று பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பேரூராட்சியின் வரவு செலவுத் திட்டக் கூட்டம் ஒன்றுக்கு, விதியை விளக்க என்னை அனுப்பினார்கள். அந்த வருடம் ஊர் நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டப் பொது நிதியில் பணம் ஒதுக்கியிருந்தார்கள். விளம்பரத்துக்கும் கட்டணத்துக்கும் அதிலிருந்து கொடுக்க வேண்டும் என்று லூர்தம்மாள் கேட்டார். அதற்கு விதியில் இடம் இல்லை என்றார்கள். அவர் எழுந்து நின்றார். “ஊருக்கு வாசல் கட்டக் காசு இருக்கு. வாசலுக்குள்ள இருக்கவனுக்கு வீடு கட்ட விதி இல்ல. அப்ப அந்த வாசல் வழியா யாரு வரப்போறா?” என்று கேட்டார். கூட்டம் கொஞ்சம் அசைந்துதான் போனது. செயல் அலுவலர் என் பக்கம் திரும்பி, செலவில்லாமல் வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நடவடிக்கைக் குறிப்பில் அதை எழுதிக்கொண்டார்கள். வளைவு ஆறு மாதத்தில் எழும்பிவிட்டது. அடுத்த வருடம் அவர் தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, விளம்பரத்துக்கு அவர்களே பணம் கட்டினார்கள்.

அந்த ஐப்பசி மழையில் அதே தெருவிலிருந்த அந்தோணிச்சாமியின் மண்சுவர் சரிந்து விழுந்தது. பூந்தோட்டங்களில் மல்லிகை பறிக்கப் போகிறவர் அவர். மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வைத்தியத்துக்காக அந்தோணிச்சாமி தன் இடத்தை ஒரு மனை வியாபாரிக்கு வந்த விலைக்கு விற்றுவிட்டு, பேகம்பூரில் ஓர் அறைக்கு வாடகைக்குப் போனார். விவசாய நிலம்தானே என்று சொல்லி, அடிமாட்டு விலைக்கு வாங்கினார் அந்த வியாபாரி. நான் பூசிய பச்சைதான் அவருக்குப் பேரம் பேசிக் கொடுத்தது. அவரைத் தொடர்ந்து இன்னும் பத்துக் குடும்பங்கள் விற்றன. விளம்பரத்துக்கும் கட்டணத்துக்கும் பணம் இருந்ததால், மந்தைக்காட்டை ஒட்டி அந்த வியாபாரி வாங்கிய வயல்கள் ஒரே வருடத்தில் மஞ்சளாகிவிட்டன. அந்தப் படத்தையும் நான்தான் வரைந்தேன்.

மந்தைக்காடு மஞ்சளாக ஆறு வருடம் ஆயிற்று. மிஞ்சியிருந்த இருபத்தேழு குடும்பங்களுக்கும் தவணை தவணையாக வீடு வந்தது. லூர்தம்மாள் தன் பெயரைக் கடைசியில் எழுதச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, “பரிமாறுறவ கடைசிப் பந்தியிலதான் சார் உக்காரணும்” என்றார்.

நான் ஓய்வு பெற்று, ஓய்வூதிய உத்தரவும் கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இந்த வரியை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். போன வருடம் அவர் வீட்டுக்குப் போனேன். சாக்குத் தூசியில் வந்த மூச்சிரைப்பு முற்றியிருந்தது. அப்படியும் மடியில் ஒரு சாக்கும் கையில் கோணி ஊசியுமாக உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“அன்னைக்குக் கூட்டத்துல வேற வழி இருக்கான்னு கேட்டாகளே. அப்பத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

அந்த ஆறு வருடத்தில் விதிகளை எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேரைவிட நன்றாகக் கற்றிருந்தார். நான் மறைத்தது எது என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்றிருக்கும்.

“எனக்கு வீடு வந்துருச்சு சார். என் பங்குக்கு மன்னிச்சேன்னு சொல்லிருவேன், அதுல என்ன இருக்கு. அந்தோணிச்சாமி பங்குக்கு நான் எப்பிடிச் சொல்ல? நான் யாருட்டயும் வாயத் திறக்க மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க.”

எப்போது போனாலும் காபி தராமல் அனுப்பமாட்டார். அன்று தரவில்லை.

நான் போகவில்லை. என் வீட்டிலிருந்து பேகம்பூருக்கு நகரப் பேருந்தில் கால் மணி நேரம். முதலில் வெயில் தாழட்டும் என்றேன், பிறகு மழை, பிறகு பேரன் பரீட்சை. ஒரு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள்.

நான்கு மணி அடக்கத்துக்குப் போனேன். மந்தைக்காடு நிறைய ஆட்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, முன்வரிசையில் போட்டார். அந்தோணிச்சாமிதான். தலை முழுக்க நரைத்திருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி எங்க தெரு படத்துலயே ஏறியிருக்காது சார். அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்” என்றார். அந்தத் தெருவில் அவருக்கு வீடு இல்லை. லூர்தம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார், யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்க வேண்டியவன் நான். அந்தோணிச்சாமி துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். அடக்கம் முடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

லூர்தம்மாளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய புகழ்ச்சி அல்ல; அது எனக்குச் சேர வேண்டியதே இல்லை. ‘நீங்களே போய்ச் சொல்லுங்க’ என்று அவர் விட்டுப்போன வேலைதான் மிஞ்சியிருக்கிறது. நாளைக் காலை பேகம்பூருக்குப் போகிறேன். அந்தோணிச்சாமியிடமும் அவர் மனைவியிடமும் இதை முழுக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று பொருள். முப்பதாம் நாள் பூசைக்கு மந்தைக்காட்டுக்கு வருவேன். எனக்கு யாரும் நாற்காலி போட வேண்டாம்.