இரண்டு மூடிகளுக்கு நடுவே

அமெரிக்காவில், இர்விங் நகரில் எங்கள் மேல் வீட்டில் குடியிருந்தவரை எனக்குப் பிடிக்காது. காரணம் அவருடைய கடல்நீர் மீன்தொட்டி. ஆபீஸ் டி-ஷர்ட், கட்டம் போட்ட லுங்கி, நெற்றியில் தொழுகைத் தழும்பு. பார்த்தால் பவளம் வளர்க்கிறவர் என்றே தோன்றாது. ஆனால் அவர் தொட்டியில் பவளங்கள் ஊதா நிறத்தில் கிளை விட்டன. என்னுடையவை வெளுத்துக்கொண்டே போயின.

பவளம் வளரத் தினமும் இரண்டு கரைசல்கள் ஊற்ற வேண்டும்: ஒன்று கால்சியம், இன்னொன்று தண்ணீரின் காரத்தன்மைக்கு. அதற்கென்றே நான் பம்பு வாங்கியிருந்தேன். அவரோ இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றுவார். ஒரு நாள் காலை பம்பு நின்றுவிட, ஆபீஸ் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து ஊற்றினேன். தொட்டி முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர். வெட்கத்தை விட்டு மாடி ஏறினேன்.

"சேர்த்து ஊத்துனா அப்படித்தான் சார் ஆகும். நடுவுல கேப் விடணும்" என்றார்.

"எவ்வளவு நேரம் பாய்? டைமர் வெச்சிருக்கீங்களா?"

"டைமரா? விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு முன்னாடி கால்சியம், தொழுதுட்டு வந்து இன்னொண்ணு. அவ்ளோதான்."

மறுநாளிலிருந்து நானும் விடியலிலேயே எழுந்து, மூடியில் அளந்து, கால் மணி நேரம் இடைவெளி விட்டேன். கால்சியத்தை ஊற்றிவிட்டு, காலி மூடியோடு மைக்ரோவேவ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மேலே அவர் தொழுகையில் குனிந்து நிமிரும்போது தரை கிறீச்சிடும். சில மாதங்களில் என் பவளங்களும் நிறம் பிடித்தன. பொறாமை மட்டும் போகவில்லை. அந்தக் கால் மணி நேரம் அவருக்கு மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் போனது?