பெஞ்சில் உட்கார்ந்த பைகள்

குஞ்சம்மாளுக்கு வாய் பெரிது. மனசு அதைவிடப் பெரிது. 1978இல் பெரம்பலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. செவ்வாய்தோறும் மூன்று மணிக்குத் திருச்சியிலிருந்து டாக்டரம்மா வருவார், ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். சுற்றுப்பட்டுக் கர்ப்பிணிகளுக்கு அவரைவிட்டால் வேறு பெண் டாக்டர் இல்லை.

சந்தைக்கு வரும்போதே பெண்கள் ஆசையாகச் சீட்டு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் செவ்வாய் மூன்று மணிக்கு ஈ காக்காய் இருக்காது! மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். வயிற்றுப்பிள்ளையோடு எவள் அந்த நேரத்தில் வைத்தியத்துக்குப் படியேறுவாள்? நாலரைக்கு மேல் மொத்தக் கூட்டமும் முண்டியடிக்கும். பாதிப் பேரைப் பார்ப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

டாக்டரம்மாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். காலையில் திருச்சியில் வேலை இருப்பதால் நேரத்தை மாற்றவும் வழியில்லை.

"அடுத்த வாரமும் பெஞ்சு காலியா கிடந்தா நான் வர்றதா இல்ல குஞ்சம்மா" என்று சொல்லிவிட்டார்.

குன்னத்துப் பச்சையம்மாளுக்கு எட்டாம் மாசம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. டாக்டரம்மா வராவிட்டால் அவள் எங்கே போவாள்?

அப்போதுதான் குஞ்சம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல நேரத்தில் ஊருக்குக் கிளம்ப முடியாதவர்கள் துணிமூட்டையை முன்னதாகவே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்தியத்துக்கு மட்டும் அது ஆகாதா என்ன?

சீட்டு வாங்க வந்த பச்சையம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம் பையக் குடுத்துட்டுப் போடி. செவ்வாக்கெழம காலையில நல்ல நேரத்துல பெஞ்சுல வெச்சிடறேன். நீ வந்த மாதிரிதான்."

"அது செல்லுமாக்கா?"

"ஒன் மாமியா பழனிக்குப் போனப்ப செல்லுச்சுல்ல?"

சீட்டு வாங்கிய ஒருத்தியையும் அவள் விடவில்லை.

செவ்வாய் மூன்று மணிக்கு டாக்டரம்மா உள்ளே வந்தார். பெஞ்சு நிறைய மஞ்சள் பை, தூக்குவாளி, பூப்போட்ட துண்டு. ஆள் ஒருத்தரும் இல்லை!

"இதுங்களுக்கா நான் பிரஷர் பாக்கணும்?"

குஞ்சம்மாள் தெருவுக்கு ஓடினாள். குன்னம் பஸ் அன்றைக்குப் பார்த்துத் தாமதம். பாழாய்ப்போன பஸ்! ஒருவழியாக மூன்றரைக்கு ஆரன் சத்தம் கேட்டது. திமுதிமுவென்று பெண்கள் இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் வாசற்படியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பச்சையம்மாள் எட்டி உள்ளே பார்த்தாள். "எம் பை உள்ளதான இருக்கு" என்று வலது காலை எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், மற்றவர்களும் பின்னாலேயே நுழைந்தார்கள். பெஞ்சில் இடம் போதவில்லை!

பச்சையம்மாளைப் பரிசோதித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "பிரஷர் ஏறிக் கிடக்கு. இன்னைக்கே எங்கூட திருச்சிக்கு வா, ஆஸ்பத்திரில சேத்துடறேன். பயப்படாத, காப்பாத்திடலாம்" என்றார்.

ஐந்து மணிக்குப் பச்சையம்மாளைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். கிளினிக்கைப் பூட்டப் போன குஞ்சம்மாள் பெஞ்சைப் பார்த்துவிட்டுத் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"டாக்டரம்மா, கொடைய விட்டுட்டீங்க!"

"விடல. அடுத்த செவ்வாய்க்கு வெச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா.