மகள் பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள்

உடன் வருவாரா?

கனடாவுக்கு விசா கேட்கிறவர்கள் நிரப்ப வேண்டிய குடும்ப விவரப் படிவத்தில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள். ஒன்று ஆம், ஒன்று இல்லை. ஆங்கிலத்தில் இருப்பதை நான் இப்படித் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து வாரம் ஆகியும் என் நான்கு வயது மகளின் பெயருக்கு நேரே அந்த இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கின்றன.

மற்றவர்களுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கணவருக்கு இல்லை. அவர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஷிப்ட் பார்க்கிறார், மூன்று மாதம் விடுப்பு என்று வாயைத் திறக்கவே முடியாது. அப்பாவுக்கும் இல்லை. அவர் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு விருதுநகர் பக்கம் சித்தப்பா வீட்டோடு போய்விட்டார், கண் பார்வையும் குறைந்துவிட்டது. அம்மாவின் பெயரையும் கேட்டிருந்தார்கள். உயிரோடு இல்லையென்றால் இறந்த ஊரையும் தேதியையும் எழுதச் சொல்லியிருந்தது. எழுதினேன். அதற்குப் பிறகும் அதே கேள்வி, அதே இரண்டு கட்டங்கள். இல்லை என்று குறித்தேன்.

அம்மா இருந்திருந்தால் இந்தப் படிவமே என்னிடம் வந்திருக்காது. கனடாவில் இருக்கும் என் தங்கைக்குத் தை மாதம் பிரசவம். முதல் குழந்தை. அவள் கணவருக்குச் சில நாள்தான் விடுப்பு கிடைக்கும். அவள் மாமியாருக்கும் வர முடியாத நிலை. ஆவணியில் ஒரு சாயங்காலம், அங்கே அவளுக்குக் காலை, போன் செய்தாள். நலம் விசாரித்து முடித்தாள். பிறகு, “நீ வர முடியுமாக்கா?” என்றாள். முடியும் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் மகளை என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. அந்த வரிசையை நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

தேவையானவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். என் பாஸ்போர்ட் இருந்தது. மகளுக்கும் போன வருடமே எடுத்திருந்தோம். தங்கையின் அழைப்புக் கடிதம், அவளுடைய மருத்துவர் தரும் சான்று, திருமணச் சான்றிதழ், வங்கி விவரம், கணவரின் வேலைச் சான்று. கூடவே நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். கம்பெனியின் தடையில்லாச் சான்று.

பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. கணவர் போவதாக இருந்தால் கம்பெனியிடம் கேட்க வேண்டும் என்பது தெரியும். நான் போவதற்கும் வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். சுரங்கக் கம்பெனி கட்டிய இந்த நகரியத்தில் பிறந்தவள் நான். குழாய் ஒழுகினால் கம்பெனிக்கு எழுதுவோம். வீட்டு முன்னால் நிற்கும் மரத்தில் ஒரு கிளையை வெட்ட வேண்டுமென்றால் எழுதுவோம். பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரி, படித்தது கம்பெனிப் பள்ளி, கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் பிளாக்கிலிருந்து கணவரின் பிளாக்குக்கு வந்தேன், அவ்வளவுதான். நாட்டை விட்டுப் போகும்போது மட்டும் சொல்லாமல் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘என் மனைவியும் மகளும் வெளிநாடு செல்வதில் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று சான்று வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, அவர் பையில் வைத்து அனுப்பினேன்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். அலுவலகத்தில் இருந்தவர் அதை இரண்டு முறை படித்தாராம். பக்கத்து மேஜைக்காரரிடமும் கொடுத்தாராம். பிறகு சொன்னாராம்: “உங்க வீட்டம்மா போறதுல கம்பெனிக்கு என்ன சார் ஆட்சேபணை இருக்கப்போவுது? உங்களுக்கு இருந்தா நீங்க எழுதிக் குடுங்க.”

பிறகு பார்த்தால் அவர் கிண்டலாகச் சொன்னதில் பாதி உண்மைதான். குழந்தை ஒரு பெற்றோருடன் மட்டும் போவதென்றால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது என்று இணையத்தில் போட்டிருந்தது. ‘என் மகள் தன் தாயுடன் செல்ல எனக்குச் சம்மதம்’ என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அது பீரோவில் இருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை.

அதுவரைக்கும் மகளைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன் என்று நினைத்திருந்தேன். எதற்கும் விவரம் தெரிந்தவரைக் கேட்டுவிடலாம் என்று கடலூருக்குப் பஸ் ஏறினேன். ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில், விசா விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தருகிறவர் இருந்தார். என்னைவிடச் சின்ன வயதுக்காரர். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் என்றேன். நிலம் இருக்கிறதா என்று கேட்டார். மாமனார் பெயரில் கொஞ்சம் இருக்கிறது என்றேன். எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டார். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன் என்றேன். பேனாவை மூடி வைத்தார்.

“மேடம், நீங்க திரும்பி வருவீங்கன்னு அவங்க நம்பணும். அதுக்கு உங்க கையில இருக்கறது ரெண்டே பேரு. சாரும் பாப்பாவும். பாப்பாவையும் கூட்டிக்கினு போனீங்கன்னா பாதி போயிடுச்சி. பாப்பா இங்க இருக்கட்டும்.”

அப்படி விதி இருக்கிறதா என்று கேட்டேன்.

“விதியில எழுதுவாங்களா மேடம்? நாம புரிஞ்சிக்கணும்.”

குறிஞ்சிப்பாடி தாண்டும் வரை பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நான் தேடிய வரைக்கும் அவர் சொன்ன விதி எங்கும் இல்லை. ஆனால் இணையத்தில் அம்மாக்கள் எழுதுகிற இடங்களில் இரண்டு விதமும் இருந்தது. குழந்தையோடு விண்ணப்பித்து மறுக்கப்பட்டதாக ஒருத்தி எழுதியிருந்தாள். குழந்தையோடு போய்விட்டு வந்ததாக இன்னொருத்தி. விட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுதியும் கிடைக்கவில்லை என்று மூன்றாவதாக ஒருத்தி. யாருக்கு எதனால் என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தங்கையிடம் சொன்னேன். “பாப்பாவக் கூட்டிட்டு வராதன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா விசா கிடைக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?” என்றாள். அவள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. தை மாதம் அங்கே கடும் பனி. என் மகளுக்கு மார்கழியிலேயே வீசிங் வரும். அவளை அங்கே கூட்டிப்போய், அவளுக்கு உடம்புக்கு வந்தால் தங்கையைப் பார்ப்பேனா இவளைப் பார்ப்பேனா? இங்கே விட்டுப் போனால் மட்டும் மூச்சு வாங்கும்போது நெபுலைசரை யார் சரியாக வைப்பார்கள்? இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம் வந்தது.

கணவரைக் கேட்டால் நான் எது சொன்னாலும் சரி என்பார். ஒருநாள் நான் விடாமல் கேட்டதற்கு, “பிளாக் மாறிப் போறதுக்கே மூணு மாசம் யோசிச்சவ நீ. இப்ப நாடு. நல்லா யோசி” என்றார்.

என் மாமியார்தான் தெளிவாக இருந்தார். சேத்தியாத்தோப்பு பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் நிலம். மாட்டை விட்டுவிட்டு நகரியத்துக்கு வந்து மூன்று மாதம் தங்க முடியாது. குழந்தையை அங்கே கொண்டுவந்து விடச் சொன்னார். “எல்கேஜிதான, கலெக்டருக்காப் படிக்குது? நான் பாத்துக்கறேன். உன் தங்கச்சி அங்க ஒண்டியாப் பெத்துக்கினு கெடக்கும், நீ போய்ட்டு வா” என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது.

எதற்கும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மகளை அங்கே கொண்டுபோய் விட்டேன். இரண்டு இரவு. மருந்து, நெபுலைசர், அதை எப்படி வைக்க வேண்டும் என்று படம் போட்ட ஒரு தாள், அவளுடைய போர்வை, எல்லாம் ஒரு பையில். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவள் தூங்குவாள். அதை மாமியாரிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது என்று தெரியட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அது சரியில்லை என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. போன் செய்து சொல்லலாம் என்று எடுத்தேன், பிறகு செய்யவில்லை.

இரண்டு நாளும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நானாகக் கூப்பிட்டபோது வயலில் நடவு நடக்கிறது, குழந்தை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், அப்புறம் பேசலாம் என்றார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை போனபோது மகள் கன்றுக்குட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. “அதுக்குள்ள வந்துட்டியாம்மா?” என்றாள்.

அழுதாளா என்று மாமியாரைக் கேட்டேன்.

“எதுக்கு அழுவுது? ராவுல காதப் புடிச்சிக்கினு தூங்கிச்சி. தோடு கைய உறுத்துதுன்னு சொல்லிச்சி, கழட்டி வெச்சிட்டேன்.”

அவர் காதில் அப்போதும் தோடு இல்லை. கல்யாணத்தில் போட்ட தோடு, கழற்றி நான் பார்த்ததே இல்லை. நான் பையை எடுத்து வைக்கத் தொடங்கினேன். படம் போட்ட தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

சோதனையில் தேறிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். கணவர் அப்படித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்து, இல்லை என்ற கட்டத்தில் குறித்தேன். சேமிக்கவும் செய்தேன்.

மறுநாள் காலை பால் வாங்கக் கிளம்பியபோது என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. நாய் இழுத்துப் போயிருக்கும் என்று கணவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்து தேடினால், மகளின் விளையாட்டுச் சாமான் கூடையில், சொப்புகளுக்கு அடியில் இருந்தது. எடுத்து வாசலில் வைத்தேன். அதற்கடுத்த நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. பிறகு ஒருநாள் அவளுடைய பள்ளிப் பைக்குள். எப்போதும் ஒன்றுதான். இடது கால் செருப்பு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “சும்மா” என்றாள். கணவர் வேலைக்குக் கிளம்பும்போது அவருடைய பூட்ஸ் வாசலிலேயேதான் இருக்கிறது. அதை அவள் தொடுவதில்லை.

கணவர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார். நான்கு வயதுப் பிள்ளைகள் எதையாவது ஒளித்துத்தான் வைக்கும் என்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே அவளுக்கு இந்தப் பழக்கம் இருந்து, நான்தான் கவனிக்காமல் இருந்தேனோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. மடிக்கணினியைத் திறந்து அந்தக் குறியை எடுத்துவிட்டேன்.

போன வாரம் மெயின் பஜாரில் உள்ள ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். நான் மட்டும் போவதென்றால் எனக்கு எடுத்தால் போதும். அவளுக்கும் எடுக்கச் சொன்னேன். எந்த நாட்டுக்கு என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார், நாட்டுக்கு நாடு அளவு மாறுமாம். வெள்ளைத் துணிக்கு முன்னால் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, “சிரிக்கக் கூடாது பாப்பா, வாய மூடிக்க” என்றார். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தாள். முதல் முறையிலேயே சரியாக வந்துவிட்டது. பெரியவர்களே இப்படி உட்கார மாட்டார்கள் என்று அவர் பாராட்டினார். பாப்பாவும் போகிறாளா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றேன்.

இப்போது மடிக்கணினியில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் நான் மட்டும். மற்றொன்றில் அவளும், அவளுக்குத் தனி விண்ணப்பமும். இரண்டிலும் அந்தக் கட்டத்தை மட்டும் இன்னும் குறிக்கவில்லை. விண்ணப்பித்த பிறகு கைரேகை கொடுக்கச் சென்னைக்கு ஒருநாள் போக வேண்டும். அவளுக்குப் பதினான்கு வயது ஆகாததால் கைரேகை தேவையில்லை. பதில் வரப் பல வாரம் ஆகலாம் என்கிறார்கள். தங்கையின் தேதியிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தால், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றை அனுப்பியாக வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் இதே படிவத்தையோ வேறு நாட்டுப் படிவத்தையோ நிரப்பிய அம்மாக்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். சின்னக் குழந்தையைச் சேர்த்து விண்ணப்பித்தீர்களா, விட்டுவிட்டா? விசா கிடைத்ததா? விட்டுவிட்டுப் போனவர்கள், திரும்பி வந்தபோது குழந்தை எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். வியாழக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.