நெஞ்சு நோகிறது என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

என் மனைவி தான் பிறந்த ஊரில் தனக்குரிய இடத்தைத் திரும்பக் கேட்கவிருந்த நாளில், எனக்கு நெஞ்சு நோகிறது என்று பொய் சொல்லி அவளைப் போகவிடாமல் தடுத்தேன். எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. பொறாமையால் செய்தேன்.

அவள் சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலியன் பேசும் டிசினோவில், ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்துவிட்டு அகதியாக வந்து, எங்கடின் என்ற மலைப் பிரதேசத்து ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவியவன். அதே ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு அவள் பொறுப்பு. கலியாணம் முடித்து, சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஊஸ்டரில் குடியேறினோம். எங்களோடு சில வருடங்கள் இருந்த என் அக்காவிடம் அவள் தமிழ் படித்தாள். அக்கா வாயாடி. அதனால் என்னைவிட என் மனைவிக்கு ஏச்சுச் சொற்கள் அதிகம் தெரியும்.

அவளுடைய தாய் தகப்பன் இருந்த காலத்தில் நத்தார்ப் பண்டிகைக்குப் போய் ஓரிரு நாள் தங்கித் திரும்புவதோடு சரி. அவர்கள் இறந்த பிறகு, கல்வீட்டைத் திருத்துவதற்காகக் கூடுதலாகத் தங்கத் தொடங்கினோம். அப்போதுதான் அந்த ஊர் எப்படி நடக்கிறது என்று கண்டேன்.

அங்கே வரி எடுக்கிற, பனி அள்ளுகிற ஊராட்சி ஒன்று உண்டு. அதைவிடப் பத்ரிசியாத்தோ என்று இன்னொன்றும் உண்டு. அது ஊரின் பழைய குடும்பங்கள் மட்டும் சேர்ந்த சபை. காடு, மலை மேய்ச்சல் நிலம், குளிர்காலத்தில் தெருவில் சுட்டு விற்கிறார்களே அந்த மரோனிக் கொட்டை விளையும் தோப்பு, எல்லாம் அதற்குச் சொந்தம். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்தான் உறுப்பினர். வெளியாளை முடித்த பெண்ணுக்கு அந்த உரிமை இல்லாமல் போய்விடும் என்பது பழைய வழக்கம். சட்டம் மாறிவிட்டது. ஆனாலும் இழந்தவள் கூட்டத்துக்கு நேரே வந்து, எழுந்து நின்று கேட்க வேண்டும், இருக்கிறவர்கள் கை உயர்த்த வேண்டும் என்று அந்த ஊரார் வைத்திருந்தார்கள்.

தோப்பில் அவளுடைய தகப்பனின் மரம் ஒன்று நின்றது. நிலம் சபையுடையது, மரம் வீட்டுக்காரருடையது. பட்டையில் குடும்பத்தின் எழுத்து வெட்டியிருந்தது. தகப்பன் இறந்தபோது அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, பெண்ணோ வெளியாளை முடித்தவள். மரம் சபைக்குப் போனது. அதன் கீழே விழுந்த மரோனியை அவள் பொறுக்கக்கூட முடியாது. அவள் கேட்கவிருந்தது இவ்வளவுதான்: கூட்டத்தில் ஒரு கதிரை, தகப்பனின் மரம்.

எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் காணி ஒருவருக்கு, அதில் நிற்கிற பனை இன்னொருவருக்கு என்று உறுதிப் பத்திரம் எழுதியிருக்கிறது. அப்பா கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். ஒரு நாள் திருவிழா எங்கள் குடும்பத்துடையது. காளாஞ்சி மரியாதை யாருக்கு முதலில், யார் உள்ளே வரலாம், யார் வீதியில் நின்று கும்பிட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வீட்டு விறாந்தையில் பேசித் தீர்ந்தவை. எங்கள் பனையில் ஏறியவர் எங்கள் கோயிலுக்குள் வந்ததில்லை. படித்த பிறகு நான் இதையெல்லாம் கண்டித்துப் பேசியிருக்கிறேன், கட்டுரையும் எழுதியிருக்கிறேன்.

முதல் தடவை அந்தச் சபையின் கூட்டத்தைப் பார்க்கப் போனேன். இடம் பழைய பள்ளிக்கூட மண்டபம். முன்னால் குடும்பங்களுக்குக் கதிரைகள். வாசலோடு மற்றவர்களுக்கு ஒரு நீள வாங்கு. அங்கே வீடு வாங்கிக் குடியேறிய சூரிச் பென்ஷன்காரர் ஒருவர் ஏற்கெனவே அதில் இருந்தார். ஒதுங்கி இடம் தந்தார்.

"இரும், இரும். நீர் இலங்கை, நான் சூரிச். இவைக்கு ரெண்டும் ஒரே தூரம்தான்," என்றார்.

அவர் சொன்னதையும் அந்த ஊரார் சொன்னதையும் என் பேச்சிலேயே எழுதுகிறேன். அவருக்குச் சிரித்துக் காட்டினேன். உள்ளே எரிந்தது. அப்படி ஒரு வாங்கு இருப்பது பிழை என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. என்னை அதில் இருத்தியதுதான் பிழையாகத் தோன்றியது.

சபையின் தலைவர் என் மனைவியோடு ஒரே வகுப்பில் படித்தவர். மனைவியை இழந்தவர், உயரமான மனிதர். அவளை ஒரு சின்னப் பெயரால் கூப்பிட்டார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்கு அந்தப் பெயர் தெரியாது. அவரோடு கதைக்கும்போது அவள் ஊர்ப்பேச்சுக்கு மாறிவிடுவாள். நான் கற்ற இத்தாலியன் அதற்குக் காணாது. அவர் ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். ஊஸ்டரில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்பேன்.

"காடு வெட்டுறதைப் பற்றி."

"இவ்வளவு நேரமும் அதுதானோ?"

"மிச்சம் பகிடி. தமிழில சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது."

ஒருநாள் கேட்டேன், அவர் ஏன் திரும்ப முடிக்கேல்ல என்று. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன தெரியும்? நீங்கள் போய்க் கேளுங்கோவன்," என்றாள். அந்தப் பதிலை நான் பல நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு காலை அவள் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டிருந்தாள். கல்வீட்டுக் குசினியில் நின்று, கூட்டத்தில் சொல்லப்போவதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். இடையில் பிழைவிட்டுத் தானே சிரித்தாள், திரும்பத் தொடங்கினாள். யன்னலுக்கு வெளியே தலைவரின் குரல் கேட்டது. அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டார். மண்டபத்துக்குச் சேர்ந்து நடப்போம் என்று வந்திருந்தார். அவள் கண்ணாடியில் தலையைச் சரிபார்த்தாள்.

நான் கட்டிலில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன? எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். கைக்கு இறங்குது."

வாசித்த அறிவு அதற்கும் உதவியது.

ஆம்புலன்ஸ் மேலே ஏறி வர நேரமாகும் என்று தலைவர் தன் காரிலேயே என்னை ஏற்றினார். வளைவுகளில் அவர் ஓடிய ஓட்டத்தில் பக்கக் கண்ணாடி ஒரு கல்மதிலில் அடிபட்டு முறிந்தது. அவர் நிறுத்தவில்லை. பின் ஆசனத்தில் என் தலை அவள் மடியில் இருந்தது. கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் வயர்கள் பூட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை, எதற்கும் இரவு வைத்துப் பார்ப்போம் என்றார்கள். அவள் என் கையை விடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுவது இதைத்தான். தலைவர் வெளியே காத்திருந்து அவளுக்குக் கோப்பி கொண்டுவந்தார். எனக்கும் ஒன்று கொண்டுவந்து, குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தந்தார்.

அவர் இல்லாததால் கூட்டத்தை அவருடைய மச்சான் நடத்தினான். வெளியாட்களைக் கண்ணில் காட்டக்கூடாத ஆள். "அப்பவும் புருஷனுக்காக ஊரை விட்டவள், இண்டைக்கும் அதையேதான் செய்யிறாள்," என்று அவன் சொன்னானாம். அவளுக்காகப் பேசக்கூடிய ஒருவர் என் அறைவாசலில் கோப்பியோடு நின்றார். அவளுடைய கோரிக்கை தள்ளப்பட்டது. தள்ளப்பட்டதைத் திரும்பக் கேட்கச் சில வருடம் போகவேண்டும்.

அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. ஊஸ்டருக்கு வந்ததும் கறியில் உப்பைக் குறைத்தாள். கடைக்குப் போனால் என் பையையும் தானே தூக்கினாள். மரோனி விழும் காலம் வந்தால், "வேண்டாம், அங்க ஆஸ்பத்திரி தூரம்," என்று ஊருக்குப் போகாமல் இருந்தாள். அவள் போகாதது எனக்கு வசதியாக இருந்தது. தலைவர் நத்தாருக்குத் தொலைபேசி எடுத்தால் என் சுகத்தைத்தான் முதலில் கேட்பாராம். அதையும் நான் நம்பவில்லை. இப்படியே வருடங்கள் போயின. ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தவள், கல்வீட்டை விற்றுவிடுவோமா என்று கேட்டாள். என் நெஞ்சுக்கு அந்த மலை ஆகாதாம். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"என்ர நெஞ்சில ஒண்டும் இல்லை," என்றேன்.

"டாக்டர் சொன்னவரோ?"

"இல்லை. அண்டைக்கும் ஒண்டும் இல்லை. நான் சும்மா சொன்னனான்."

அவள் அடுப்பை நிறுத்தினாள். "ஏன்?"

தலைவரைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

"அவனோ? பள்ளிக்கூடத்தில என்ர பென்சிலைச் சப்பித் தின்னுறவன். அவனுக்காகவோ?"

"அவர் மட்டும் இல்லை. நீர் முன்னுக்குக் கதிரையில இருப்பீர். நான் வாசல்ல இருக்கவேணும்."

"உங்கட ஆக்களின்ர கலியாணவீடுகளில நான் எங்க இருந்தனான்?" என்று கேட்டாள். "ஒரு தட்டுத் தூக்க எண்டாவது என்னைக் கூப்பிட்டவையோ? நீங்கள் அதைக் கண்டனீங்களோ?"

நான் கண்டதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவளுக்குச் சொல்லாமல் தனியே ரயிலேறினேன். வாங்கிலிருந்து எழுந்து நின்றேன். உறுப்பினர் அல்லாதவர் பேச முடியாது என்று மச்சான் கையைக் காட்டினான். தலைவர் சற்று யோசித்தார்.

"கூட்டம் இப்ப ஓய்வு. ஓய்வில ஆரும் கதைக்கலாம்," என்றார்.

ஹோட்டல் குசினியில் படித்த இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். நோய் பொய் என்றேன். தலைவர் மேல் பொறாமை என்றேன். அவளில் பிழையில்லை, அவளைத் திரும்ப எடுங்கள் என்றேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நீர் இஞ்ச வந்தது அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

மண்டபம் சிரித்தது. ஓய்வு முடிந்தது என்றார்கள். அடுத்ததாகப் பாதை திருத்துவதைப் பற்றிப் பேசினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் என்னோடு பஸ் தரிப்பிடம் வரை நடந்தார். "அண்டைக்கு அந்த மதிலடியில மூண்டு பேரும் செத்திருப்பம்," என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். கை தரவில்லை.

வீட்டில் அவளுக்கு வந்த கோபம், என் பொய்யைக் கேட்டபோது வந்ததைவிடப் பெரிது.

"நான் எழும்பி நிண்டு கேக்கவேண்டியது. அதையும் நீங்களே போய்க் கேட்டிட்டு வந்திட்டீங்கள். ஆம்பிளையளாக் கதைச்சு முடிச்சிட்டியள், என்ன?"

அதற்கடுத்த வருடம் அவளே போனாள். என்னை வரவேண்டாம் என்றாள். எல்லாரும் இல்லாவிட்டாலும் போதிய பேர் கை உயர்த்தினார்கள். மரமும் கிடைத்தது. இப்போது இலையுதிர்காலம் முழுதும் அவள் அங்கே, நான் ஊஸ்டரில். கறியில் எவ்வளவு உப்பும் போடலாம். நானும் வரட்டோ என்று கேட்டால், "பாப்பம்," என்கிறாள்.

இந்த வருடக் கூட்டத்தில் ஒரு பிரேரணை இருந்தது: வெளியில் பிறந்த கணவன்மாரையும் மனைவிமாரையும் சபையில் சேர்க்கலாமா என்று. கொண்டுவந்தவர் தலைவர். அன்று மத்தியானம் முழுதும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னேரம் எடுத்தாள்.

"தோத்துப் போச்சு," என்றாள். "கொஞ்சப் பேராலதான்."

"நீர் கை உயர்த்தினீரோ?"

"இல்லை. எதிர்த்தும் உயர்த்தேல்ல. மடியில வைச்சிருந்தனான்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. பின்னால் கோப்பைகளின் சத்தமும், எனக்கு விளங்காத அந்தப் பேச்சும் கேட்டன. ஓர் ஆண் குரல் எதையோ சொல்ல, பலர் சிரித்தார்கள்.

"சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"போய்ச் சாப்பிடுங்கோ. இஞ்ச ஆக்கள் நிக்கினம், நான் வைக்கிறன்."

ஆர் ஆக்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் வைத்துவிட்டிருந்தாள்.